உதிரிப் பாகமும் உழைத்த கையும்

ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்பதற்கும் அது பயனற்றதாகிவிட்டது என்பதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தைப் பொருள்கள் எவ்வாறு கடக்கின்றன என்று ஆராய்ந்தால், பெரும்பாலும் மிகச் சிறியதொரு காரணமே தென்படும். தையல் இயந்திரம் மூலைக்குப் போவது அதன் இரும்பு தேய்ந்ததால் அன்று. பொபின் பெட்டி கிடையாததால். பெற்றோமக்ஸ் விளக்கு பரணேறுவது அதன் வயிறு ஓட்டையானதால் அன்று, மென்டில் கிடையாததால். மோட்டார் வண்டிகளுக்கும் விதி இதுவே. முழு வண்டியும் நன்றாயிருக்க, உள்ளங்கையில் அடங்கும் உறுப்பொன்று இல்லாமையால் அது பழைய இரும்பென்று பெயர் பெற்றுவிடுகிறது.

கடந்த இரண்டு ஆண்டுகளாக இவ்வுண்மையை நான் வரிப்பத்தான்சேனையில் ஒரு மொரிஸ் மைனர் வானை முன்வைத்துக் கற்று வருகிறேன். 1955ஆம் ஆண்டு வார்ப்பு அது. முன்பக்கம் காரைப் போலவும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே நான்கு புறமும் தகரத்தால் அடைத்த பெட்டியாகவும் அமைந்த சரக்கு வான். என் வாப்பா அதனை இரண்டாங்கையாக வாங்கி, மருதமுனைக் கைத்தறிச் சாரன்களையும் துணிகளையும் கல்லோயாக் குடியேற்றங்களின் கடைகளுக்கு ஏற்றிச் சென்றார். 1990இல், கிழக்கின் பாதைகள் எல்லாம் அச்சத்தால் அடைபட்டபோது வண்டி கொட்டிலில் நின்றது. நின்றது நின்றதுதான். அண்மைக்காலத்தில் பழைய இரும்பு வாங்குவோர் வந்து, நிறைக்கு விலை பேசினர். விற்பதா, ஓட்டுவதா என்ற கேள்வி அப்போதே பிறந்தது. ஓட்டுவதென்று முடிவு செய்தேன். அம்முடிவின் விளைவாகத் தொடங்கிய தேட்டமே இக்கட்டுரையின் பொருள்.

வண்டியின் வரலாறு

மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்டது. இலங்கை சுதந்திரம் பெற்றதும் அதே ஆண்டிலேதான். அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்து, போரினால் ஊர் இழந்து இங்கிலாந்தில் குடியேறியவர். பின்னர் 1959இல் மினிக் காரையும் படைத்தவர்.

மைனரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. உற்பத்திக்கு ஏறக்குறைய எல்லாம் ஆயத்தமான நிலையில், வண்டி சற்றே ஒடுங்கியிருப்பதாக இசிகோனிஸுக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாய் அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பம்பர்களோ முன்னரே செய்தாகிவிட்டன. அவற்றை நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தனர். தொடக்கக்கால மைனர்களின் பம்பர் நடுவில் அவ்வொட்டை இன்றும் காணலாம். பிறந்தபோதே ஒட்டுப்போட்ட வண்டி இது என்பதை நினைக்கும்போது, ஒட்டுப்போட்டே அதனை வாழவைத்த நம் நாட்டுப் பட்டறைகளின்மேல் ஒரு தனி மதிப்பு உண்டாகிறது.

சரக்கு வான் 1953இல் வெளிவந்தது. காருக்கு உடலே எலும்புக்கூடு. வானுக்கோ கீழே தனிச் செசி உண்டு. 5 அந்தர் பாரம் ஏற்றத்தக்கது. இங்கிலாந்தின் அஞ்சற் சேவை இவ்வகை வான்களை ஏராளமாக வாங்கியது. தொடக்கத்தில் வாங்கியவற்றுக்கு இறப்பரால் ஆன மட்காட்டுகளையே பொருத்தச் சொன்னது. இடிபட்டாலும் நெளியாமல் மீள வேண்டும் என்பது நோக்கம். 1960 டிசம்பரில் மைனர் பத்து இலட்சத்தை எட்டியது. பிரித்தானிய வண்டிகளில் அவ்வெண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல். 1971 அளவில் உற்பத்தி நின்றபோது, 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உலகெங்கும் போயிருந்தன.

இறக்குமதி நின்ற காலம்

சிலர் வினவலாம்: இங்கிலாந்திலேயே அருகிப்போன வண்டி இலங்கையில் மட்டும் எப்படி நிலைத்தது? விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. புதிய கார் என்பது பெரும்பாலானோருக்குக் கனவு. ஓடுகின்ற வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குரிய பாகமோ கப்பலில் வராது. ஆகவே, பாகத்தை இங்கேயே செய்தாக வேண்டும். கடைசற் பட்டறைகளும், வார்ப்புப் பட்டறைகளும், தகரம் தட்டும் பாஸ்மாரும் அக்காலத்தில் பெற்ற கைத்திறனே இன்றுவரை இவ்வண்டிகளின் ஆயுள்.

1977இன் இறுதியில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. பழுதான பாகத்தைத் திருத்துவது போய், கழற்றி எறிந்து புதியதை மாட்டுவது வழக்கமாயிற்று. அதனைக் குறைகூற நான் முன்வரவில்லை. வசதி வந்தபோது வாங்குவது இயல்பு. ஆயினும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரி வரை அத்தடை நீடித்தபோது, பழைய பாடம் பழையதாகிவிடவில்லை என்பதை நாடு கண்டது.

எளிதும் அரிதும்

பாகம் தேடப் புறப்படும் எவருக்கும் முதல் வியப்பு ஒன்று காத்திருக்கிறது. அரிதென்று அஞ்சியது எளிதாய்க் கிடைக்கும். எளிதென்று எண்ணியது கைக்கு எட்டாது.

எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மைனருக்கு 1952 முதல் பொருத்தப்பட்டது 'ஏ' வரிசை எனப்படும் எஞ்சின். ஒஸ்டின் ஏ-30 காரில் 1951இல் அறிமுகமாகி, 803 கனசென்ரிமீற்றரில் தொடங்கி, 1956இல் 948 ஆகவும் 1962இல் 1098 ஆகவும் மைனரில் வளர்ந்தது. இதே குடும்பத்து எஞ்சின்தான் மினிக் காரிலும் 2000ஆம் ஆண்டுவரை ஓடியது. எனவே கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப் பாகக் கடைகளில் மைனர் என்று கேட்டால் கைவிரிக்கும் இளைஞர், மினி என்று கேட்டால் உள்ளே சென்று தேடுகிறார். ஒரு பொருளுக்குப் பல பெயர் உண்டென்று நிகண்டு கற்றவர்கள் அறிவர். உதிரிப் பாகத்துக்கும் நிகண்டு உண்டு. அதனை அறிந்தவனுக்கே கடை திறக்கும்.

முன் கண்ணாடியும் அப்படித்தான். 1956க்குப் பிந்திய மைனர்களுக்கு வளைந்த ஒற்றைக் கண்ணாடி. அதற்கு அச்சு வேண்டும். என் வானோ அதற்கு முந்தியது. நடுவில் கம்பியால் பிரிக்கப்பட்ட இரண்டு தட்டைக் கண்ணாடிகள். உடைந்தால் சிதறாத ஒட்டுக் கண்ணாடியைக் காகித மாதிரிக்கு வெட்டுவிப்பதோடு காரியம் முடிந்தது. வயது கூடிய வண்டிக்கே வேலை குறைந்தது.

அரிதாய்ப் போனவை எவை? கதவு ஓரத்து இறப்பர் பட்டிகள். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் இறப்பர்க் கிண்ணங்கள். திரும்பும் திசையைக் காட்டக் கதவுக்குப் பின்னாலிருந்து எழும் சிறு கைகாட்டிகள். வானுக்கே உரிய பின்கதவுகள். பிரேக்குக்கு உரிய எண்ணெய்க்குப் பதில் வேறு கனிய எண்ணெயை ஊற்றினால் அவ்விறப்பர்க் கிண்ணம் ஊதிப் பெருத்துப் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். உயிர் தங்கியிருக்கும் இடம் ஆதலால் அதில் சிக்கனம் கூடாது.

இறப்பருக்கு அலைந்தபோது ஒரு நினைவு வந்தது. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இந்நாட்டின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். இங்கே வடித்த பால் அங்கே சென்று, பட்டியாகவும் கிண்ணமாகவும் உருமாறி, பன்மடங்கு விலையுடன் வண்டியோடு திரும்பிய காலம் ஒன்று இருந்தது. இன்று அப்பட்டியை இந்நாட்டிலேயே அச்சில் வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பட்டியின் அரையடித் துண்டொன்று இருந்தாற் போதும். அதன் வெட்டு முகத்தைப் பார்த்து வார்த்துத் தருகிறார்கள். மக்கிப்போன அத்துண்டை வீசிவிடாதிருந்ததே பெரிய உபகாரம் ஆயிற்று.

கடைசற் பட்டறையில்

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டுக்குக் கிங் பின் என்று பெயர். மைனரில் அத்தண்டில் திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். வண்டி திரும்பும்போதெல்லாம் அப்புரியின்மேலேயே பாரம் சுழலும். கிறீஸ் இடாது விட்டால் புரி தேயும். தேய்ந்து முடிந்த நாளில் சக்கரம் மடிந்து வண்டி தெருவில் அமர்ந்துவிடும். என் வானின் இரு தண்டுகளும் அந்நாளை நெருங்கியிருந்தன.

தேடித்தேடிக் கல்முனையில் ஒரு முதியவரின் கடைசற் பட்டறையை அடைந்தேன். நெல் விளையும் நாட்டில் கடைசற் பட்டறைக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் அணை எழுந்து, வயல் விரிந்த பின்னர் இப்பகுதி உழவு இயந்திரங்களின் நாடாயிற்று. இயந்திரம் உள்ள இடத்தில் தேய்மானம் உண்டு. தேய்மானம் உள்ள இடத்தில் கடைசற்காரருக்குச் சோறு உண்டு. உழவு இயந்திரத்துக்குப் புஷ் கடைந்த கைதான் மைனருக்கும் வேண்டியிருந்தது.

முதியவர் தண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேய்ந்த புரியை வெல்டிங் செய்து நிரப்ப முடியாதா என்று கேட்டேன்.

"ஒட்டிக் குடுத்தா ஓடும் மாஸ்டர். எத்தின நாளைக்கு ஓடும் என்டுதான் சொல்ல ஏலாது. ஆள் ஏறுற சாமான். நான் அப்பிடிச் செய்ய மாட்டன்."

"அப்ப என்ன வழி காக்கா?"

"புதுசா வெட்டணும். அளவு இதுக்குள்ளயே இரிக்கி."

அளவு தேய்ந்துபோனதில் எப்படி இருக்கும்? அவர் காட்டினார். புரியின் ஓரத்தில், எதனோடும் உரசாத சில சுற்றுகள் 1955இல் ஒக்ஸ்போர்டில் வெட்டப்பட்டவாறே கூர்மையாக இருந்தன. தேயாத இடத்தைப் படித்துத் தேய்ந்த இடத்தை அறிவதே அவருடைய வித்தை. செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு சிதைந்த அடியை மீட்ட சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செய்த தொழிலுக்கு இது நெருங்கிய உறவு என்றே எனக்குத் தோன்றியது. பழுதான உழவு இயந்திரமொன்றின் அச்சிலிருந்து உருக்கெடுத்து, ஒன்பது நாளில் இரு தண்டுகளையும் கடைந்து தந்தார்.

ஆனால் அப்பட்டறையில் நான் கண்ட அரிய பொருள் அத்தண்டு அன்று. மேசைச் செருகலில் ஒரு பாடசாலைக் கொப்பி இருந்தது. 1973இல் தொழில் பழக வந்த நாள் முதலாக, கையில் வந்த பாகங்களின் அளவுகளையெல்லாம் பென்சிலால் அதில் குறித்து வைத்திருக்கிறார். மொரிஸ், ஒஸ்டின், ஹில்மன், மசி பேர்கசன் என்று வரிசையாகப் பெயர்கள். பெயருக்குக் கீழே கையால் வரைந்த படம். படத்தைச் சுற்றி எண்கள். அரைவாசிப் பக்கங்களின் ஓரம் கறையானுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் வளைகுடா நாட்டில். தொழில் பழக இப்போது எவரும் வருவதில்லை. அவர் கண்ணை மூடினால் கடைசல் இயந்திரத்தை விற்றுவிடலாம்; கொப்பியை என்ன செய்வது என்று எவருக்கும் தெரியாது.

கடலோரத்தில் இத்தகைய கொப்பிகள் இன்னும் இருந்திருக்கக்கூடும். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஊர்களில் மனித உயிர்களோடு போனவற்றை எண்ணும்போது, கொப்பியைப் பற்றிப் பேசுவதற்கே நாக் கூசுகிறது. ஆயினும் அவையும் போயின என்பது உண்மை.

பின்கதவின் கதை

மைனர் வானின் முன்பாதி காரோடு ஒத்தது. மட்காட்டும் பொனட்டும் முன்கதவும் காரிலிருந்து கழற்றி வானுக்கு மாட்டலாம். பின்கதவுகளோ வானுக்கே உரியவை. என் வானின் இடக்கதவு அடிப்புறம் உக்கி உதிர்ந்திருந்தது. பஞ்சிகாவத்தையில் இல்லை, கண்டியில் இல்லை, காலியில் சொல்லியனுப்பியும் இல்லை. இறுதியில் அது சம்மாந்துறை வயற்புறத்து வீடொன்றில், கோழிக்கூட்டின் கதவாக இருபது ஆண்டுகளாய்ப் பணி செய்துகொண்டிருப்பதாகச் செய்தி கிடைத்தது.

வீட்டுக்காரி எழுபதைக் கடந்தவர். விலை சொல்லுங்கள் ராத்தா என்றேன்.

"காசு என்னத்துக்குத் தம்பி? கீரி வாற இடம். கதவத் தந்தா எனக்குக் கதவு வேணும்."

அவர் கேட்டது நியாயம். தச்சரை அழைத்துச் சென்று, பலகையும் வலையும் கொண்டு உறுதியான கதவொன்று போட்டுக் கொடுத்த பின்னரே வானின் கதவு என் கைக்கு வந்தது. கீலும் பிடியும் ஒட்டியபடியே இருந்தன. பழம்பொருள் தேடுவோர் சிலர், அறியாதவர் வீட்டில் அருமையறியாது கிடந்ததை அற்ப விலைக்குப் பெற்றதாகப் பெருமை பேசுவர். அவ்வம்மையார் அதன் அருமையை அறியாதவர் அல்லர். கீரி புகாமல் காக்கும் பொருளாக அதன் பயனை அவர் நன்கு அறிந்திருந்தார். இருபது ஆண்டு அக்கதவு உருக்கப்படாமல் இருந்தது அவருடைய பயன்பாட்டினாலேயே.

பாத் நகருக்குப் போன பாகங்கள்

நிற்க, இத்தேட்டத்தை நம் நாட்டோடு மட்டும் நிறுத்துவதற்கில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ல்ஸ் வெயார் என்பவர் 1970களில் மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றை நிறுவினார். நீடித்து உழைக்கும் வண்டியை முறையாகப் பேணுவதே, அடிக்கடி புதியது வாங்குவதிலும் சிக்கனமானது என்பது அவர் கொள்கை. அதனை விளக்கி 1982இல் நூலொன்றும் எழுதினார். அவர் கொள்கை நிலைக்கப் பாகங்கள் வேண்டும். அவற்றைச் செய்யும் கைகள் எங்கே என்று பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது இலங்கை. 1990களில் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, டியுரபிள் கார் கம்பெனி என்ற பெயரில் இங்கே மைனர்ப் பாகங்கள் செய்யும் தொழில் தொடங்கப்பட்டது. இங்கே தட்டி எடுத்த தகரப் பாகங்கள் கப்பலேறி, வண்டி பிறந்த நாட்டுக்கே சென்றன.

இதனை வெறும் வேடிக்கையாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. எங்கே பொருள் கிடையாமற் போயிற்றோ, அங்கேதான் அதைச் செய்யும் அறிவு வளர்ந்தது. தட்டுப்பாட்டை நான் போற்றவில்லை. அதன் கொடுமையை 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற எவரும் மறவார். ஆனால் அத்துன்பத்தின் விலையாகப் பெற்ற திறனையும் இழந்துவிட்டால், பட்ட துன்பம் முழுதும் வீண் ஆகிவிடும்.

எது மூலம்?

பழைய வண்டிகளைப் பேணுவோரிடையே ஒரு விவாதம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். என் வானிலே 803 எஞ்சின் இல்லை. அதற்குரிய பிஸ்டன் கிடையாத காலத்தில் வாப்பா 1098ஐ மாற்றிவிட்டார். மூல எஞ்சினைத் தேடிப் பொருத்துமாறு நண்பர்கள் சிலர் கூறினர். நான் உடன்படவில்லை. அந்த எஞ்சின்தான் சாரன் மூட்டைகளைக் கல்லோயாவுக்கு இழுத்தது. உழவு இயந்திரத்தின் அச்சில் பிறந்த கிங் பின்னும், கோழிக்கூட்டிலிருந்து திரும்பிய கதவும் இனி அதன் மேனியில் ஏறிய வரலாறே. பிழையைத் திருத்துவது வேறு. வாழ்ந்த சுவட்டை அழிப்பது வேறு. ஏடு பதிப்பித்தவர்கள் பாடபேதத்தை அடிக்குறிப்பில் காத்தார்கள். அம்மரியாதை இரும்புக்கும் உரியது.

வண்டி இப்போது இறக்காமம் வரை சென்று திரும்புகிறது. கைகாட்டிகள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஆதலால் சன்னலுக்கு வெளியே கையை நீட்டியே திரும்புகிறேன். அவை ஒருநாள் கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். அதைப் பற்றி எனக்குப் பெருங்கவலை இல்லை.

கவலை அந்தக் கொப்பியைப் பற்றியதே. முதியவரின் இசைவுடன், மூன்று பிற்பகல்கள் அங்கிருந்து அதன் பக்கங்களைப் படமெடுத்தும், மங்கிய எண்களை அவர் வாய்மொழியாகச் சரிபார்த்தும் படியொன்று ஆக்கியிருக்கிறேன். ஒரு கொப்பிக்கு அது போதும். ஆனால் அக்கரைப்பற்றிலும், சம்மாந்துறையிலும், மட்டக்களப்பிலும், யாழ்ப்பாணத்திலும் இத்தகைய முதியோர் எத்தனைபேர் இருக்கின்றனர்? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதில் பொறியியல் பீடமும் உண்டு. அளவெடுக்கவும் வரையவும் கற்கும் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். நாட்டார் பாடலைத் திரட்ட ஊரூராய்ச் சென்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருந்தார்கள். பட்டறைகளில் எழுதப்பட்டுக் கிடக்கும் இந்த அளவுகளையும், எழுதப்படாமல் கையிலேயே இருக்கும் முறைகளையும் திரட்டுவது அதைவிடக் குறைந்த பணியன்று. விடுமுறையில் மாணவர் இருவரை ஒரு பட்டறைக்கு அனுப்பி வைக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தாலும், அவ்வூரின் ஒரு கொப்பி கறையானுக்குத் தப்பும்.